அண்ணையின் புல்தரை

மார்ச் 9, ஞாயிறு

விடியவே வெயில். புல்லுக்குத் தண்ணீர் விட்டு முடிக்க எட்டு மணியாகிவிட்டது. சோறு ஆயிற்று, பருப்பு அவியவில்லை. அடுப்பில் கிடந்து கொதிக்கிறது, விரலால் நசுக்கினால் அப்படியே கல். நேற்றும் இப்படித்தான். சவர்க்காரமும் நுரைப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உவர்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மலர். "அக்கா, உங்களுக்கும் உவர்க்குதோ?"

"ஓம் மலர்."

அது பங்குக் கிணறு, இரண்டு வீட்டுக்கும் நடுவில். அவளும் புருசன் தேவனும் பிள்ளைகளும் குடிப்பது அதில்தான். அவள் பார்த்தது என் முகத்தை அல்ல, கையிலிருந்த ஹோஸை. நானும் அதைத்தான் பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்கால் நோ. பூசுகிற எண்ணெய் முடிந்துவிட்டது. காஸ் சிலிண்டருக்கும் சொல்ல வேண்டும்.

மார்ச் 14

புல்லைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நாள் முழுக்க அதோடுதான்.

அண்ணை இந்த வீட்டைக் கட்டியபோது மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த புல். பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள். கீழே ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். கடல் கிட்டத்தான். காங்கேசன்துறைப் பக்கத்தில் மலைநாட்டுப் புல் பச்சையாக நிற்பதென்றால் அதைக் காலையும் மாலையும் கைக்குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். சோளகக் காற்றுத் தொடங்கினால் இன்னும் மோசம், விட்ட தண்ணீர் காற்றோடு போய்விடும்.

ரொறொன்ரோவில் அண்ணைக்குப் புல் இல்லை. மாடி வீடு. இரவில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல். மேசையில் வரிசையாகக் கமராப் படங்கள், விடியும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. "இவ்வளவு காலமும் ஆரின்ரையோ புல்லைப் பாத்துக்கொண்டு நடந்தனான் பிள்ளை. எனக்கெண்டு ஒரு துண்டு வேணும்." புல் விரித்த அன்று சொன்னது. அதை மறக்க முடிந்தால் எனக்கு லேசு.

எங்கள் விறாந்தைத் தூணிலும் ஒரு கமரா பூட்டுவித்தார். அங்கே அவருக்கு இரவு, இங்கே பகல். வேலையிலிருந்தபடியே கைபேசியில் வளவைப் பார்க்கலாம். என்னைப் பார்க்க அல்ல, வளவைப் பார்க்க. அப்படித்தான் சொன்னார்.

"இது உன்ரை வீடுதானே" என்றும் அடிக்கடி சொல்வார். சொந்த வீட்டில் இருப்பவருக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஏப்ரல் 5, சனி

மலர் வீட்டுச் சின்னவனுக்கு வயிற்றோட்டம். தண்ணீரால்தானோ தெரியாது. தேவன் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய் வருகிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஏச்சே பரவாயில்லை.

அண்ணை ரெலிபோன் எடுத்தார். இன்று எப்படியும் கதைப்பது என்று நினைத்திருந்தேன்.

"அண்ணை, தண்ணி உவர்க்கத் தொடங்கிட்டுது. கூட இறைச்சால் கடல் தண்ணி ஏறும்."

"தண்ணி லொறி, பவுசரிலை எடுப்பிக்கலாமே."

"பவுசர்காரனும் ஆரின்ரையோ கிணத்திலைதானே அண்ணை எடுக்கிறான்."

சிரித்தார். கோபம் இல்லாத மனிசர். அதுதான் பெரிய சங்கடம்.

"புல்லை எடுத்துப்போட்டு ஒரு அரைவாசிக்கு எங்கடை ஊர்ச் செடியள் வைக்கட்டோ? தண்ணி தேவையில்லை. வெட்டவும் தேவையில்லை."

"உனக்கு வேலை குறையுமெண்டால் வை. ஒரு நிமிசம் பிள்ளை, ஆரோ பெல் அடிக்கினம்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். வைக்கச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய காதில் விழுந்தது 'வேலை' மட்டுமோ என்று ஒரு யோசனை.

ஏப்ரல் 13

இரவு நல்ல மழை. இன்றே தொடங்கினேன். அலவாங்குக் கம்பியால் குத்தினால் புல் தோல் உரிகிற மாதிரிக் கழன்று வருகிறது. அடியில் வேர் கல்லுக்குள் இறங்கவே இல்லை. இவ்வளவு தண்ணீர் குடித்தும் மேலேயே இருந்திருக்கிறது.

வைத்தவை: கடற்கரை வீதி ஓரம் பொறுக்கிய, மஞ்சளாகப் பூக்கிற ஆவரசு விதை. கோயில் மதிலடி நித்தியகல்யாணி. மலர் தந்த துளசி. எருக்கலை தானாகவே ஒரு மூலையில் வந்திருக்கிறது, பிடுங்காமல் விட்டேன். தும்பை. வேலியோரம் நொச்சித் தடி. ஆடாதோடைத் தடி. ஒரு பக்கம் வெறும் கல்லும் மண்ணுமாகவே இருக்கட்டும், கை ஓய்ந்துவிட்டது.

தேவன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, சனம் காசு குடுத்து உதுகளைப் பிடுங்குவிக்குது. நீங்கள் நடுறியள்" என்றார். பிறகு அலவாங்கை வாங்கித் தானும் கொஞ்சம் குத்தினார்.

முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் நல்ல நித்திரை வரும் போல.

மே 3

பஸ்ஸில் சுன்னாகம் சந்தைக்கு. முன்சீற்றில் ஒருத்தி மற்றவளிடம்: "அவளுக்கென்ன, வெளிநாட்டுக்காசு வீடு, தனிச்ச ராணி." என்னைப் பற்றி இல்லை. என்னைப் பற்றியும்தான்.

கத்தரிக்காய் வாடல். கீரை வாங்கினேன். பல்லுக் குத்து.

நித்தியகல்யாணி பிடித்துவிட்டது. ஆடாதோடை ஒன்று பட்டுப்போயிற்று. மிச்சப் புல் வைக்கோல் நிறம். அதையும் எடுக்கலாம்தான். அரைவாசி என்றுதான் சொன்னேன். வைக்கோலை யார் அரைவாசி, முழுசு என்று அளக்கப்போகிறார்கள்.

மே 22

முழுவதையும் எடுத்துவிட்டேன்.

அண்ணைக்குச் சொல்லவில்லை. கமராவில் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா விளங்கவில்லை. கமராவுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து வேலை செய்தேன், களவு செய்கிறவள் மாதிரி.

ஜூன் 11

சோளகம் இரைகிறது. புழுதி. குசினி ஜன்னல் நாள் முழுக்கப் பூட்டு.

ஆவரசு இடுப்பளவு வந்துவிட்டது, இவ்வளவு கெதியாக வரும் என்று நினைக்கவில்லை. இலையின் அடியில் பச்சைப் புழுக்கள். மலர், "மருந்து அடியுங்கோ அக்கா, தின்னப்போகுது" என்றாள். தின்னட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் செடியைச் சுற்றி மஞ்சள் வண்ணாத்திப்பூச்சிகள், கடதாசி கிழித்துப் பறக்கவிட்ட மாதிரி. எங்கிருந்து வந்தவை என்று முதலில் யோசித்தேன். இங்கேயே பிறந்தவைதான்.

புலுனிக் குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறுகின்றன. ஓயாத சண்டை. மதிலில் செண்பகப் பறவை ஒன்று. நேற்று ஒரு சாரைப் பாம்பு, தன் பாட்டில் போயிற்று. தேவனுக்குச் சொல்லவில்லை, தடியோடு வந்துவிடுவார்.

காலையில் ஹோஸ் பிடித்த நேரம் இப்போது சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் விறாந்தைப் படியில் இருந்து பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இதை யாருக்குச் சொல்வது. மலருக்குச் சொன்னால் தண்ணீர் மிச்சம் என்பாள். அதுவும் சரிதான். அவள் வீட்டில் பருப்பு ஓரளவு அவிகிறதாம்.

அண்ணை எடுத்தபோது சொல்ல வாய் வந்தது. அவர் தன் இடுப்பு நோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "உனக்கும் வயது போகுது பிள்ளை. குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யாதை" என்றார். ஓம் அண்ணை என்றேன்.

ஜூலை 7, திங்கள்

வெறும் கல்லாகக் கிடந்த பக்கத்தில் ஒரு சோடி ஆட்காட்டிக் குருவி. நீளமான மஞ்சள் கால். கிட்டப் போனால் ஊரையே கூட்டுகிற கத்தல். குப்பை கொட்டப் போன என்னைத் தலைக்கு மேலால் வந்து விரட்டிற்று. வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். மலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிறு பிடித்துச் சிரித்தாள்.

மின்சாரம் மத்தியானம் இல்லை.

ஜூலை 13

முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதற்குள் நாலு. சாம்பல் நிறம், கறுப்புப் புள்ளி. மிதித்திருப்பேன், கடைசி நொடியில்தான் தெரிந்தது. கல்லும் முட்டையும் ஒரே மாதிரி.

பின்பக்கத்தால் சுற்றித்தான் இனிக் கொடியில் உடுப்புப் போட வேண்டும். சொந்த முற்றத்தில் நடக்க ஒரு குருவியிடம் அனுமதி. 'சொந்த' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

பெட்டை அடை கிடக்கிறது, ஆண் காவல். வெயில் ஏறினால் பெட்டை எழும்பி நின்று முட்டைக்கு நிழல் கொடுக்கிறது. மத்தியானம் முழுக்க அப்படியே. பார்த்துக்கொண்டிருந்து கறி அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 26, சனி

அண்ணை வருகிறார். நல்லூர்த் தேருக்கு நிற்பாராம். அவர் மனைவி, மச்சாளுக்கு லீவு இல்லை, தனியாகத்தான். எனக்குச் சந்தோசம். உண்மையாகவே. எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

"உனக்கொரு சாமான் வருகுது. என்னெண்டு கேளாதை" என்றார். குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரிப்பு. வோஷிங் மெஷினாக இருக்கும். வைக்க இடம் பார்க்க வேண்டும்.

வந்து முட்டை பொரித்த குஞ்சைப் பார்க்கலாம். நேரில் காட்டினால் விளங்கும். ரெலிபோனில் சொல்வதைவிட அது நல்லது.

மெத்தை வெயிலில் போட வேண்டும். அரிசிமா வறுக்க வேண்டும். அவருக்குப் பிடித்த, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவுக்குக் கொடிகாமத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

காலையில் கேற்றடியில் ட்ரக்டர், பெட்டி நிறையக் கல் தூள். பின்னால் ஒரு லொறி. லொறியில் பச்சைச் சுருள்கள். பிளாஸ்ரிக் புல்.

முன்னுக்கு நின்று வேலை செய்விக்க வந்தவர் மரியாதையானவர். "அன்ரி, ஐயா கனடாவிலையிருந்து எல்லாம் கதைச்சு முடிச்சிட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். தண்ணியும் தேவையில்லை, வெட்டவும் தேவையில்லை. எத்தனை வருசமெண்டாலும் இப்பிடியே பச்சையாய் நிக்கும்."

தண்ணீர் தேவையில்லை, வெட்டவும் தேவையில்லை. என்னுடைய சொற்கள்.

அண்ணைக்கு எடுத்தேன். அங்கே இரவு, வேலையில் இருந்தார். உடனே எடுத்தார். "வந்திட்டாங்களோ? பொறு, கமராவைத் திறக்கிறன். ஓம், தெரியுது. உன்னையும் தெரியுது. வெயிலுக்குள்ளை நில்லாதை."

"அண்ணை, கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமோ? இஞ்சை ஒரு குருவி முட்டையிட்டு அடை கிடக்குது. எனக்கு இந்தச் செடியள்…"

ட்ரக்டர் பெட்டியைக் கவிழ்த்தார்கள். சத்தம்.

"கேக்கேல்லை பிள்ளை. சரியான இரைச்சல். இனி நீ ஒண்டுக்கும் குனிய வேண்டாம், சரியோ? இந்தா, வேலையிடத்துப் பெரியவன் வாறான், வைக்கிறன்."

திருப்பி எடுத்திருக்கலாம். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது. உங்களுடைய வளவில் உங்களுடைய காசில் நீங்கள் எனக்காகச் செய்வதை நிற்பாட்டுங்கள் என்பதா. அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை எந்தக் கையால் தட்டிவிடுவது. எடுக்கவில்லை.

மலர் ஓடிவந்து துளசியையும் நித்தியகல்யாணியையும் மண்ணோடு கிண்டி வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள். ஆவரசைக் கிண்ட முடியவில்லை. வேர் கல்லுக்குள் இறங்கிவிட்டது. இழுக்க முறிந்தது. முறிந்த கொப்பில் பூ, அதில் ஒரு பூச்சி இருந்தபடி. அதோடு பெட்டிக்குள் எறிந்தார்கள்.

முட்டை இருந்த இடத்துக்கு முன்னால் போய் நின்றேன். வேறு ஒன்றும் தெரியவில்லை. குருவிகள் இரண்டும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. என்னையும் சேர்த்துத்தான் விரட்டின. நான் யார் பக்கம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்.

அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார். "சரி அன்ரி, இந்தத் துண்டை விட்டிட்டுச் செய்யிறம். குஞ்சு பொரிச்சாப் பேந்து வந்து ஒட்டித்தாறன்." சொன்னபடியே செய்தார்கள். கட்டில் அளவு ஒரு சதுரம் விட்டு, சுற்றிவரப் பச்சை. பின்னேரம் பெட்டை திரும்பி வந்து பிளாஸ்ரிக்கில் இறங்கிற்று. காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. சூடு. பிறகு ஓடிப்போய் முட்டையில் இருந்தது.

இருந்தது. அது போதும் இன்றைக்கு.

ஜூலை 31

முட்டை இல்லை.

விடியக் காகங்கள். தடியோடு ஓடினேன், முழங்கால் விடவில்லை. போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு முட்டைக்கோது மட்டும் பச்சைக்கு மேல்.

இவ்வளவு நாளும் காகம் காணவில்லை. கல்லுக்குள் கல்லாகக் கிடந்தவை. சுற்றிவரப் பச்சையை விரித்து நடுவில் ஒரு சதுரம் விட்டால், எடுத்துச் சாப்பிடு என்று கோப்பையில் வைத்துக் கொடுத்த மாதிரி. விடவைத்தது நான்தான். விடாமல் மூடியிருந்தால் மட்டும் என்ன.

ஆண் மதிலில் நின்று கத்திக்கொண்டிருந்தது, மத்தியானம்வரை. பெட்டை அந்தச் சதுரத்துக்குள் நடந்தது.

சமைக்கவில்லை. மலர் புட்டு அனுப்பினாள்.

ஓகஸ்ற் 4

அந்த மனிதர் வந்து சதுரத்தையும் ஒட்டிவிட்டுப் போனார். பொரித்துவிட்டதோ என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்காவது மனம் ஆறட்டும்.

மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ரப்பர் மணம் வீட்டுக்குள்ளும் வருகிறது. புலுனிகள் வந்து இறங்கின. கொத்திப் பார்த்தன. போய்விட்டன. சண்டைகூடப் பிடிக்கவில்லை.

ஒரு பக்கத்தால் கிளப்பிப் பார்த்தேன். கீழே கறுப்புத் துணி, அதற்குக் கீழே கல் தூள், உருளை போட்டு இறுக்கியது. அலவாங்கு இறங்காது.

தேவன், "தண்ணிக் கரைச்சல் தீந்துதே அக்கா" என்றார். உண்மை. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

ஓகஸ்ற் 16, சனி

அண்ணை வந்துவிட்டார். மெலிந்துவிட்டார். பலாலி வீதியில் ஏதோ அடைப்பாம், அவர் வந்த வாடகை வான் பிந்தித்தான் வந்தது. கேற்றைத் திறந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். சப்பாத்தைக் கழற்றி ஏறினார். பின்னேரம் ஆனபடியால் சூடில்லை.

"நல்லாயிருக்கு, என்ன?"

"ஓம் அண்ணை."

எனக்கு ஒரு கிறீம் கொண்டுவந்திருக்கிறார், கைக்குப் பூச. "கமராவிலை பாக்க உன்ரை கையெல்லாம் மண்." என்னுடைய கையைப் பிடித்துத் தானே பூசிவிட்டார். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அண்ணை என் கையைப் பிடித்ததில்லை. அழுகை வந்தது. பிரயாணக் களைப்பில் இருக்கிறவருக்கு முன்னால் என்ன அழுகை என்று குசினிக்குள் போய்விட்டேன்.

ஒடியல் கூழ் இரண்டு கோப்பை குடித்தார்.

ஓகஸ்ற் 18

காற்றில்லை. புழுக்கம். அண்ணைக்கு நேரம் மாறிக் கிடக்கிறது, விடிய முன்னம் வெள்ளாப்பிலேயே எழும்பி விறாந்தையில் இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

கனநேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளை, உதிலை ரெண்டு நீளக்கால் குருவி நெடுக நிக்குமே. அதுகள் ஏன் இப்ப வாறேல்லை?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"வேலையிலை நான் பாக்கிறது அதுகளைத்தான். மற்றக் கமராவள் எல்லாத்திலையும் பூட்டின கதவுதான், விடிய விடிய ஒண்டும் அசையாது. இதைத் திறந்தால் மஞ்சள் பூ, பூச்சி, அந்த ரெண்டும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு நடக்கும். உன்ரை மச்சாளுக்கும் காட்டினனான். நீ முழங்கால் நோவோடை குனிஞ்சு கிண்டுறதைப் பாக்கத்தான் மனம் கேக்கேல்லை. பாவம், என்ரை புல்லாலை இவள் கிடந்து மாயுறாளெண்டு நினைச்சன்."

"ம்."

"பூவெல்லாத்தையும் பிடுங்கிப்போட்டாங்களோ? நான் ஓரத்திலை விடுவாங்களெண்டு நினைச்சன்."

வேலிக்கு அந்தப் பக்கம் மலர் முற்றம் கூட்டுகிற சத்தம்.

"உனக்கு அதுகள் விருப்பமே?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். கமராவில் அல்ல, நேரே. "விருப்பமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. ஏன் சொல்லேல்லை?"

"தேத்தண்ணி ஆறுது அண்ணை" என்றேன்.